தாளில் எழுதிய தலையெழுத்து

பிரமன் வந்து மண்டையோட்டில் எழுதிவிட்டுப் போகிறான் என்று எவராவது சொன்னால் நம் இளைஞர்கள் சிரிப்பார்கள். எழுதுகோல் எது, மை எது என்று திருப்பிக் கேட்பார்கள். அதே கதை காற்சட்டை அணிந்து, கையில் அட்டவணை ஏந்தி வந்து, "இந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் இவ்வளவுதான், ஆகவே இது தேறாது" என்று கூறினால் சிரிப்பு வருகிறதா? வருவதில்லை. விஞ்ஞானம் பேசுகிறது என்று எண்ணித் தலையாட்டுகிறோம்!

2019ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணையிட்டது. மூன்றாண்டுகளுக்கு எவரையும் வகுப்பில் நிறுத்தமாட்டோம் என்று சமாதானமும் சொன்னார்கள். அதாவது, கத்தியைத் தீட்டி வைப்போம், மூன்றாண்டு கழித்துத்தான் வீசுவோம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிற்று, 2020 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கருத்து திரும்பப் பெறப்படவில்லை. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. 2019இன் திருத்தம் அந்த வேலியில் வாசல் வெட்டியது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில், தவறியவருக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு என்று விதி செய்தது. தமிழகம் அதை ஏற்கவில்லை. ஏற்காதிருப்பது ஆள்வோரின் மனத்தைப் பொறுத்தது, மனம் மாறக்கூடியது. ஆகவேதான் எழுதுகிறோம்.

தேர்வு வைத்தால் பள்ளி திருந்தும், அச்சம் இருந்தால் ஆசிரியர் உழைப்பார் என்கிறார்கள். புதிய யோசனையா இது? இங்கிலாந்து 1862இலேயே செய்து பார்த்தது! ராபர்ட் லோ என்பவரின் திட்டப்படி, பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிக்குக் கிடைக்கும் உதவித் தொகையில் எட்டு ஷில்லிங், தேர்வைப் பொறுத்தது. வாசிப்பில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு; எழுத்தில் தவறினால் இன்னொரு வெட்டு; கணக்கில் தவறினால் மற்றொன்று. கசாப்புக் கடைத் தராசு! விளைந்தது என்ன? வாசிக்கக் கற்பிப்பதை விட்டு, வாசகப் புத்தகத்தையே நெட்டுருப் போட வைத்தார்கள். பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட், இது கல்வியை எந்திரமாக்குகிறது என்று தன் மேலதிகாரிகளையே எதிர்த்து எழுதினார். அந்த நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. இடையில் அது கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து கிராமப் பள்ளிகளைப் படுத்திவிட்டுத்தான் போயிற்று.

பழங்கதை என்பார்கள். சரி, அமெரிக்காவுக்கு வாருங்கள். ஒரு பிள்ளையும் பின்தங்கலாகாது என்ற அழகான பெயரோடு 2002 ஜனவரியில் அங்கே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் அத்தனை பிள்ளைகளும் தேறியாக வேண்டும். இலக்கை எட்டாத பள்ளிக்குப் படிப்படியாகத் தண்டனை. சட்டம் போட்டால் அறிவு முளைத்துவிடும் என்று நம்பியவர்களுக்கும், யாகம் செய்தால் மழை பெய்யும் என்று நம்பியவர்களுக்கும் நெடுந்தொலைவு இல்லை.

அட்லாண்டா நகரில் மழை பெய்தது! மதிப்பெண் மழை. கறுப்பின ஏழைப் பிள்ளைகள் பெரும்பாலோராய்ப் படிக்கும் பள்ளிகளில் ஆண்டுக்காண்டு ஏற்றம். 2009இல் அந்நகரப் பள்ளிகளின் தலைவிக்கு நாட்டின் சிறந்த கல்விக் கண்காணிப்பாளர் என்ற விருது. பிறகு விடைத்தாள்களைக் கருவிகொண்டு பார்த்தார்கள்: தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்கள், தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு! 2011இல் வெளியான அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு என்றது. 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் சுட்டியது. ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி, விருந்துபோல உட்கார்ந்து, அழித்து எழுதினார்களாம். 2015இல், கொள்ளைக் கும்பல்களை ஒடுக்க வந்த சட்டத்தின்கீழ் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

ஆசிரியர்கள் செய்தது குற்றமே, மூடி மறைக்கமாட்டோம். ஆனால் இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற அச்சத்தை அவர்கள் நெஞ்சில் ஊன்றியது எது? இதைவிடக் கொடியது இன்னொன்று. வாசிக்கத் தெரியாத பிள்ளையின் தாளில் தேர்ச்சி என்று எழுதியதால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய தனிப் பயிற்சி கிடைக்காமற்போயிற்று. நோயாளியின் காய்ச்சல் மறைந்தது, காகிதத்தில்!

அப்படியானால் தேர்வே வேண்டாம் என்கிறோமா? இல்லை, தோழர்களே! அளப்பது பகுத்தறிவு. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே என்ற அறிஞர் ஒரு சோதனை வகுத்தார். எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என்று கண்டறிவதற்காக வகுத்தார். அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ இயலாத பிறவிச் சரக்கு என்ற பேச்சை அவரே கண்டித்தார். அவர் மறைந்தபின் அமெரிக்காவில் அதே சோதனையை எடுத்து, பிறவியிலேயே மந்தம், பிறவியிலேயே மேன்மை என்று மனிதரைப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். பிறவியிலேயே! எங்கோ கேட்ட சொல்லாக இல்லையா?

"எட்டாவது படிப்பவனுக்கு இரண்டாவது பாடம் வாசிக்கத் தெரியவில்லையே, அவனைத் தள்ளிவிட்டுக்கொண்டே போவதா?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. இல்லையென்று கூறுவோர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஆனால் அந்தப் பிள்ளையை நிறுத்திவைப்பது எப்படி மருந்தாகும்? அதே வகுப்பு, அதே புத்தகம். கால் வளர்ந்த பிள்ளை மட்டும் குட்டைப் பலகையில், தன்னினும் சிறியவர்கள் நடுவில். எத்தனை நாள் உட்காருவான்? தேநீர்க் கடை அழைக்கும், செங்கற்சூளை அழைக்கும். பெண்ணாயிருந்தால் வீட்டில் தம்பி தங்கை காத்திருப்பார்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை தவறினால் மாலையில் தனி ஆசிரியர் வருவார். இரண்டு மாதத்தில் மறுதேர்வைத் தாண்டிவிடுவான். எழுத்தறியாத தாயின் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதத்தில் யார் வருவார்?

1953இல், அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று வெளிப்படையாகவே திட்டம் போட்டார்கள். நாடு கொதித்தது, அடுத்த ஆண்டே திட்டம் புதைக்கப்பட்டது. இன்று அப்படிச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. "நாங்கள் அனுப்பவில்லை, அவனே தவறினான்" என்று சொல்லிவிடலாம் அல்லவா? வாசலில் தடியோடு நிற்க வேண்டியதில்லை. ஒரு வினாத்தாள் போதும்.

1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு தொடங்கியவர்கள், பிள்ளையை வடிகட்ட எண்ணவில்லை. பசித்தவனுக்குப் பாடம் ஏறாது என்று கண்டார்கள். 2022இல் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவு வந்ததும் அதே அறிவால்தான். தகுதி, தகுதி என்போர் இட்லித் தட்டை ஒரு முறையாவது எண்ணிப் பார்த்தார்களா?

இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தன்று உங்கள் தெருவில் வயலுக்கும் சூளைக்கும் போகும் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்க வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து வரவில்லை, அதைக் கற்பிக்க எந்த ஆசிரியர், எந்த நேரத்தில் உட்காருகிறார் என்று கேளுங்கள். பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுமாதம் மீண்டும் போங்கள்.