கிளி வளர்க்கும் நல்லவர்கள்

கிளி வளர்க்கிறவர்களில் ஒரு கெட்டவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு விசாரமாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு இந்தக் கட்டுரையை அடுத்த பாராவிலேயே முடித்துக்கொள்ளலாம். அவர்களோ எறும்புக்காக அரிசி மாவில் கோலம் போடுகிறவர்கள். தெரு நாய் குரைத்தால் பசியோ என்னவோ என்று எட்டிப் பார்க்கிறவர்கள். கதையில் ஒரு குழந்தை செத்துப்போனால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுதியவனுக்குக் கடிதம் போடுகிறவர்கள். எனக்கே அப்படிக் கடிதங்கள் வந்திருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் அத்தகைய நல்லவர் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். செல்போனில் படம் காட்டினார். மூன்று கிளிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வர்ணம்.

"குழந்தைகள் மாதிரி, ஸார்!" என்றார்.

"குழந்தைகளைக் கூண்டிலா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

கதை எழுதுகிறவன் ஏதோ ஹாஸ்யமாகச் சொல்லிவிட்டான் என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாம் ஃபாரின் கிளி. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை" என்றார்.

பந்தி போடும் வரையில் நான் பதில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சண்டை போடக்கூடாது என்பது ஒரு காரணம். அவரைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை கிடையாது என்பது இன்னொரு காரணம். இருபத்தோரு வருஷ காலம் நானும் அவருடைய கட்சிதான். ஆகையால் இது அவருக்குச் சொல்லும் பதில் மட்டும் அல்ல. என்மேல் நானே போட்டுக்கொள்ளும் வழக்கும் ஆகும்.

2003-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூடைக்குள் கை விட்டு ஓர் ஆசாமி ஒரு கிளிக்குஞ்சை எடுத்துக் காட்டினான். முழுதாக இறகு முளைக்கவில்லை. தலை மட்டும் பெரிசாக, கழுத்து அதைத் தாங்கமாட்டாமல் ஆடியது. என்னைப் பார்த்து வாயைப் பிளந்தது. பசியால் பிளந்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, என்னைப் பிடித்துப்போய்விட்டதாக்கும் என்று பூரித்து நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். மீனாட்சி என்று பெயர் வைத்தோம். மீனாட்சி தனியாக இருக்கிறாளே என்று அடுத்த மாசியில் இன்னொரு குஞ்சு வாங்கி, சுந்தரேசன் என்று பெயரிட்டு, திருக்கல்யாணமும் செய்துவைத்தோம். மூன்றாம் வருஷம் மீனாட்சியின் கழுத்தில் கறுப்பும் ரோஜாவுமாக ஆரம் விழுந்தது. பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் அந்த ஆரம் உண்டு. சுந்தரேசனுக்குக் கடைசிவரை விழவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு நாள் சுந்தரேசன் கூண்டின் தகரத் தட்டில் முட்டையிட்டாள். மூன்று முட்டைகள். காட்டிலாக இருந்தால் மரப்பொந்து கிடைத்திருக்கும். இங்கே தகரத்தின்மேல் விரித்த நியூஸ் பேப்பர்தான். இருபத்துமூன்று நாள்போல அடைகாத்தால் பொரிய வேண்டிய முட்டையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் கொத்தினாள். கடைசியில் என் மனைவிதான், கிளி தண்ணீர் குடிக்க நகர்ந்த சமயம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனாள். இந்தக் கதையை நாங்கள் வந்தவர்களிடம் சொன்னதில்லை.

சந்தோஷம் இல்லாமல் இல்லை, பொய் சொல்லக்கூடாது. கிளிகள் இருக்கிற வீட்டில் அலாரம் வேண்டாம். விடியுமுன் தெருவே எழுந்துவிடும். பச்சை மிளகாயைக் காலால் பிடித்து, நாம் முறுக்குத் தின்பதுபோல் அவை நிதானமாகக் கடித்துத் தின்னும். மிளகாயின் உறைப்பு பறவைகளின் நாக்குக்கு எட்டுவதே இல்லையாம். பின்கட்டு வேலியிலிருந்து கோவைப்பழம் பறித்துக் கொடுத்தால் அலகுக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பிற்பாடு இரண்டு காக்டீல்கள் வந்தன. அதற்கும் பிறகு, வெளிநாட்டில் குடியேறப்போன ஒரு குடும்பத்தார் தங்களிடம் இருந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை எங்களிடம் விட்டுப்போனார்கள். அது குக்கர் விசிலை அப்படியே அடிக்கும். இரண்டு விசிலில் அடுப்பை அணைத்துவிட்டு அரிசிச் சோறு சாப்பிட்ட நாட்கள் உண்டு.

காக்டீல்கள் என்னால் செத்தன. நான்-ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு பத்திரிகை ஆசிரியருடன் போனில் இலக்கியம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வருகிற ஆவி பறவையின் சுவாசப்பையைச் சில நிமிஷங்களில் முடித்துவிடும். நமக்கு அது ஒரு கமறல்தான். வாசல் வராந்தாவில் இருந்த மற்றவை பிழைத்தன. 'குழந்தை மாதிரி' என்று சொல்கிற எத்தனை வீடுகளில் இந்த விஷயம் தெரியும்? வெறும் சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளி கல்லீரல் கெட்டுச் சாகும் என்பது தெரியும்? அவகாடோ பழம் அதற்கு நஞ்சு என்பது தெரியும்? பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று டாக்டரிடம் ஓடாத தாய் தகப்பன் உண்டா? பறவை வைத்தியம் தெரிந்த டாக்டர் தங்கள் ஊரில் எங்கே இருக்கிறார் என்றாவது அவர்களுக்குத் தெரியுமா?

கிளி பேசுகிறதே, சந்தோஷம் இல்லாமலா பேசும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். 'கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான்' என்று நாம் மந்தமான மாணவனை ஏசுகிறோம். அந்த ஏச்சு கிளிக்குச் செய்கிற அநியாயம். வெனிசுவேலாவில் சிட்டுக்குருவிப் பருமனே உள்ள ஒரு கிளி ஜாதி உண்டு. அதன் கூடுகளை ஆராய்ந்தவர்கள் 2011-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்பொலி இருக்கிறதாம். அதைக் குஞ்சு தன்னைப் பொந்தில் வளர்க்கிற தாய் தகப்பனிடமிருந்து கற்றுக்கொள்கிறதாம். பெயர் சூட்டுவது மனித ஜாதிக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிளிக்குக் குரல் என்பது கூட்டத்தோடு தன்னைக் கட்டிப்போடும் கயிறு. கூட்டம் என்ன பேசுகிறதோ அதைப் பேசும். அதைச் சுற்றிக் கூட்டமே இல்லாமல் செய்து, நாம் ஒருவரே முன்னால் போய் நின்றால், வேறு வழியில்லாமல் நம் பாஷையைப் பேசும். நாம் கை தட்டுகிறோம்.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அம்மாள் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். அலெக்ஸ் என்பது அதன் பெயர். 2007-இல் அது இறக்கும் வரையில், முப்பது வருஷம், அதோடு உழைத்தார். நிறம் என்ன, வடிவம் என்ன, எத்தனை என்று கேட்டால் அது பதில் சொல்லிற்று. வேண்டாததை வேண்டாம் என்றது. அலுத்துப்போனால் கூண்டுக்குத் திரும்ப வேண்டும் என்றும் கேட்டது. அந்த அம்மாள் கிளியைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நாமோ "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்கிறோம். அது "வேண்டாம்" என்று சொல்லக் கற்றால், முதலில் எதை வேண்டாம் என்று சொல்லும் என்பதை யோசித்துப் பார்த்தோமா?

எங்கள் சாம்பல் கிளிக்கு மனிதப் பேச்சில் ஒரு வாக்கியம்தான் தெரியும். "பாப்பா, பால் வந்துடுச்சா?" என்று ஒரு வயதான அம்மாளின் குரலில் கேட்கும். எங்கள் வீட்டில் பாப்பா என்று யாரும் இல்லை. விட்டுவிட்டுப் போன வீட்டின் குரல் அது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும். கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். எங்களிடம் வந்த இரண்டாம் மாதம் மார்பு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வியாதி ஒன்றும் இல்லை என்றார். உரித்த கோழிபோல் மார்பு வெளுத்துவிட்டது.

கல்யாண வீட்டு நண்பரின் 'ஃபாரின் கிளி' வாதம் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிகவும் நல்ல சட்டம். ஆனால் நம்மவர்கள் அதிலிருந்து கற்ற பாடம் என்ன? நம்மூர்க் கிளியைக் கூண்டில் போட்டால் பாவம்; காங்கோக் காட்டுக் கிளியைப் போட்டால் கௌரவம்! ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைக் காட்டிலிருந்து பிடித்துப் பிடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று பயந்து, 2016-இல் உலக நாடுகள் கூடி, காட்டில் பிடித்த பறவைகளின் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்தன. 2024-இல் நம் அரசாங்கமும் விதி போட்டு, இப்படிப்பட்ட அயல்நாட்டு ஜீவன்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. நானும் பதிவு செய்தேன். பத்திரம் பத்திரமாக இருக்கிறது. கிளி இறகைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

"இது பண்ணையில் பொரித்தது, காடே தெரியாது" என்பார்கள். காடு தெரியாமல் இருக்கலாம்; இறக்கை இருப்பது தெரியாதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024 ஏப்ரலில், பார்லிமெண்டுத் தேர்தல் சமயம், கடலூர்ப் பக்கத்தில் ஒரு ஜோசியரின் கிளி ஒரு வேட்பாளருக்கு ஜெயம் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. படம் ஊரெல்லாம் பரவிற்று. உடனே வனத்துறை வந்து கிளிகளைக் கைப்பற்றியது. (வேட்பாளர் ஜெயிக்கவில்லை, அதற்குக் கிளி பொறுப்பல்ல.) சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் மரத்தடியில் கூண்டை வைத்துக்கொண்டு பிழைப்பவன் கண்ணில் படுகிறான். மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னால் தொங்குகிற கூண்டு யார் கண்ணில் படும்? அவன் வயிற்றுக்காகச் செய்தான். நான் பொழுதுபோக்குக்காகச் செய்தேன். அந்தச் செய்தியைக் காபி குடித்துக்கொண்டே படித்தேன். பக்கத்தில் மீனாட்சி, பிஸ்கோத்துக்காக என் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தான்.

தெய்வத்தைத் துணைக்கு அழைக்கிறவர்களும் உண்டு. அம்மன் கையிலேயே கிளி இருக்கிறதே என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பார்க்கட்டும். ஆண்டாள் இடது கையில் இருக்கும் கிளியை அன்றாடம் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் அலகு. மறுநாள் வேறு கிளி. மதுரையில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுக் கிளிகள் 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கப்பட்டிருந்தன. இப்போது மண்டபத்துக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, கிளிகள் இல்லை. அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சென்னை ராயப்பேட்டையில் காமிரா பழுதுபார்க்கும் ஒருவர் பல ஆண்டுகள் மொட்டைமாடியில் பலகை கட்டி ஊறவைத்த அரிசி போட்டுவந்தார். ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து தின்றுவிட்டு அவை பாட்டுக்குப் போயின. கிளிமேல் ஆசை என்றால் அது ஆசை.

அதற்காக, இதைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டுக் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். பிறந்தநாள் அன்று கற்பூரம் காட்டிக் கிளியைப் பறக்கவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். வெட்டிய இறக்கையோடு இருபதடி பறந்து, எதிர்வீட்டு ஸன்ஷேடில் உட்கார்ந்து, காக்கைகளுக்கு இரையாகும். அயல்நாட்டுக் கிளியை இங்கே அவிழ்த்துவிடுவது அதைவிட மோசம். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தாற்போல என்று பெண்ணைப் பெற்றவர்கள் புலம்புவார்கள். அந்தப் பழமொழியில் எல்லாரும் பூனையைத்தான் திட்டுகிறார்கள். இருக்கிற கிளியைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுங்கள். நம்மூர்க் கிளியானால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். புதிதாக ஒன்று வாங்காதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அவ்வளவைக் கேட்பதற்கு எனக்கு இருபத்தோரு வருஷம் ஆயிற்று.

அந்த ஏப்ரல் முடிவதற்குள் நானும் என் மனைவியும் மீனாட்சியையும் சுந்தரேசனையும் துணி போர்த்திய கூண்டில் கொண்டுபோய் வனத்துறையிடம் கொடுத்தோம். அதிகாரி இளைஞர். கடிந்து பேசுவார் என்று தயாராகப் போயிருந்தேன், பேசவில்லை. பெரிய அடைப்பில் மற்ற கிளிகளோடு விட்டுப் பார்ப்போம், இறக்கை பலப்பட்டால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார். "நடுவில் ஒரு தடவை வந்து பார்க்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"வேண்டாம்மா. உங்க குரல் அதுக்கு மறக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் காலிக் கூண்டு மடியில் இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை.

சாம்பல் கிளி மட்டும் இருக்கிறது. அதற்குப் போக இடம் இல்லை. வராந்தாவுக்கு வலை அடித்துக் கூண்டைக் கழற்றிவிட்டேன். எழுதும் மேஜையையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். மார்பில் அங்கங்கே புதுத் துளிர் தெரிகிறது. நாலு நாள் விடும், ஐந்தாம் நாள் பிடுங்கிவிடும். சாயங்காலம் ஊர்க் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு எங்கள் மாடிக்கு மேலே பறந்து போகும்போது, இது மீனாட்சியின் குரலில் ஒரு கத்தல் கத்தும். கூட்டம் நிற்காது. கொஞ்ச நேரம் வலையில் கால் பதித்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் இறங்கி வந்து, "பாப்பா, பால் வந்துடுச்சா?" என்று கேட்கும்.

முன்னெல்லாம் நாங்கள் பேசாமல் இருந்துவிடுவோம். இப்போது என் மனைவி சமையலறையிலிருந்தே, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று பதில் சொல்லிவிடுகிறாள்.