தப்பியோட முயன்றபோது

புக்கிட் பெருந்துங்கிலிருந்து கெந்திங் மலைக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பேருந்து பத்தாங் காலி நகரைக் கடந்து மேலேறும். அங்குச் சென்று சேர அரை மணி நேரம் போதும். மாணவர் பாடிக்கொண்டு செல்வர். ஆசிரியர் உணவுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருப்பர். அந்நகரை அடுத்த சுங்கை ரெமோக் தோட்டத்தில் 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 11, 12 ஆகிய இரு நாள்களில் பிரிட்டிஷ் படையினர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர் என்னும் செய்தியை அப்பேருந்தில் எவரும் எடுத்துரைப்பதில்லை. உரைக்காமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. 'அது சீனர் கதை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதனால் ஆவதென்ன?' என்னும் எண்ணம் ஆசிரியர் பலர் உள்ளத்தில் ஊறிக் கிடக்கிறது. அவ்வெண்ணம் பிழை, பிழை என்ற அளவில் நில்லாது, தீங்கும் ஆகும்.

நடந்தது என்ன? ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சிறு குழு ஒன்று டிசம்பர் 11 அன்று அத்தோட்டத்துக் கொங்சி வீடுகளைச் சூழ்ந்தது. ஆடவரை ஒருபுறமும், பெண்டிரையும் பிள்ளைகளையும் மறுபுறமுமாகப் பிரித்து அடைத்தனர். அன்று மாலையே ஓர் இளைஞரைச் சுட்டனர். மறுநாள் காலை பெண்டிரையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆடவரைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொணர்ந்து 23 பேரைச் சுட்டனர், குடியிருப்பைத் தீக்கிரையாக்கினர். மயங்கி வீழ்ந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். இறந்தோர் கையில் ஆயுதம் இல்லை. ஆயினும் அரசு உலகுக்குச் சொன்ன விளக்கம், அவர்கள் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பதே. காயத்தோடு பிடிபட்டவர் ஒருவரும் இல்லாமல், ஓடிய அத்தனை பேரும் ஒருங்கே உயிர்விட்டனராம்! கைதேர்ந்த வேட்டைக்காரனும் நாணும் கணக்கு இது.

இதனினும் கொடிது அடுத்து நிகழ்ந்தது. 1949-ஆம் ஆண்டு சனவரியில் அவசரகாலச் சட்ட விதிகளில் '27 ஏ' என்னும் புதிய விதி ஒன்று சேர்ந்தது. கைதுக்குத் தப்பியோடுபவரைத் தடுக்க உயிர்பறிக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்றது அவ்விதி. அம்மட்டோ? அவ்விதி பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அத்தகைய செயல்களும் அதன்படி செய்தனவாகவே கொள்ளப்படும் என்றும் அது கூறிற்று. முதலில் துப்பாக்கி பேசியது. பின்னர் அறிக்கை பேசியது. இறுதியில் சட்டம் வந்து இரண்டுக்கும் தலையசைத்தது. குழந்தை பிறந்த பின் திருமண ஓலை எழுதும் இந்த முறைக்கு ஆட்சி என்று பெயர்.

அன்றைய காலனி அரசின் விசாரணை, படையினர் குற்றமற்றவர் என்று முடித்துக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1970 பிப்ரவரியில், பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்று அப்படையினர் சிலருடைய ஒப்புதல்களை வெளியிட்டது. பொய்யான விளக்கத்தையே முன்னர்க் கூறப் பணிக்கப்பட்டதாக அவருள் சிலர் சொல்லினர். இலண்டன் காவல் துறையினர் விசாரணை தொடங்கினர், அவ்வாண்டு நடுவில் ஆட்சி மாறியது, விசாரணையும் நின்றது. பாதிக்கப்பட்ட குடும்பத்தார் ஓயவில்லை. இலண்டன் உயர் நீதிமன்றம் 2012-இல் வழக்கைத் தள்ளியது. 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும், விசாரணை நடத்த அரசு கடமைப்பட்டதன்று என்று தீர்த்தது. ஐந்து நீதிபதிகளுள் ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கதவை அடைத்தது. குற்றம் நிகழவில்லை என்பதன்று அந்நீதிமன்றங்கள் காட்டிய காரணம். காலம் கடந்துவிட்டது என்பதே. காலத்தைக் கடத்தியவர் எவர் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

இது சீனர் கதையாயின், 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் கதை யாருடையது? அவ்வாண்டு சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும். இவையே அவர்கள் கேட்டவை. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனை மே மாதத்தில் கைது செய்து பின்னர் நாடு கடத்தினர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்துப் பட்டாளத்தை வரவழைத்தனர். துப்பாக்கிக்கு ஐவர் பலியாயினர். வந்த பட்டாளம் இந்தியப் பட்டாளம் என்பதை ஈண்டு மறத்தலாகாது. சுட்டவன் நிறமும் மொழியும் மாண்டவனுக்கு என்ன ஆறுதல் தரும்? தமிழ் பேசும் காவலரே 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பாளர் மீது சுட்டனர். 13 பேர் மாண்டனர். அச்சூட்டிற்குத் தேவையே இருக்கவில்லை என்று ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் அறிக்கை தந்தது.

காவலன் கையில் தடியும் ஊதுகுழலும் இருந்த நிலை மாறி, அவன் சிப்பாயாக உருமாறிய காலம் அவசரகாலமே. 1948-இல் மலாயாக் காவல் துறைக்குத் தலைவராக வந்த கிரே, பாலஸ்தீனத்தில் காவல் படைக்குத் தலைமை தாங்கியவர். அவரையடுத்து அங்கிருந்த சார்ஜண்டுகள் பல நூற்றுவர் இங்கு வந்து சேர்ந்தனர். அயலார் மண்ணில் கலகம் அடக்கிப் பழகியவர்கள், ரப்பர்த் தோட்டத்துக் குடிகளிடம் அதே பழக்கத்தைக் காட்டினர். சில ஆண்டுகளில் வழமைக் காவலரும் சிறப்புக் காவலரும் சேர்ந்து 60,000-ஐக் கடந்தனர். தோட்ட லயங்களைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் பெண்ணின் மடியையும் தூக்குச் சட்டியையும் சோதித்தனர். ஒரு பிடிச் சோறும் காட்டிற்குள் போகக் கூடாதென்பது ஆணை. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார் அந்தச் சோதனையை மறந்தாரல்லர்.

காலனி அரசுக்கே இது தவறென்று தோன்றிய நேரமும் உண்டு. 1952-இல் இலண்டனிலிருந்து வந்த ஆர்தர் யங், காவலர் மக்களுக்குத் தொண்டர் என்னும் கருத்தைப் பரப்ப 'சேவை இயக்கம்' ஒன்றைத் தொடங்கினார். நல்ல முயற்சி. ஆனால் காட்டுக்குள் போரிட உருவான காவல் பிரிவுகள் கலைந்தனவா? அவை காவல் களப்படையாயின. அப்படை 1997-இல் பொது நடவடிக்கைப் படை என்னும் பெயர் பெற்றது. எல்லை காக்க அத்தகைய படை வேண்டும் என்பதை அறிவுடையோர் மறார். 1950-இல் புக்கிட் கெப்போங் நிலையத்தைக் காத்து உயிர் துறந்த காவலரின் வீரமும் மறுக்கத்தக்கதன்று. போர்க்களத்து மனநிலை குடியிருப்புத் தெருவுக்குள் புகுந்துகொண்டது என்பதே முறையீடு. போரில் எதிரி என்றொருவன் உண்டு. தெருவில் இருப்பவன் குடிமகன். அவன் குற்றவாளியே ஆயினும் குடிமகன்.

2010 ஏப்ரல் 26 விடியுமுன் ஷா ஆலாமில் கார் ஓட்டிச் சென்ற பள்ளி மாணவன் ஒருவனைக் காவலர் சுட்டுக் கொன்றனர். அவன் மலாய்ச் சிறுவன். ஒரு கார்ப்பரலுக்கு 2011-இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தனர். 2012-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். 2025 நவம்பர் 24 அன்று மலாக்காவின் டுரியான் துங்காலில், செம்பனைத் தோட்டத்தில் இந்திய ஆடவர் மூவரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். காவலரைத் தாக்கினர் என்பது முதல் விளக்கம், குடும்பத்தார் மறுத்தனர், டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அவ்வழக்கைக் கொலைக் குற்றப் பிரிவின்கீழ் விசாரிக்கப் பணித்தது. 1941-இல் தமிழர், 1948-இல் சீனர், 2010-இல் மலாய்ச் சிறுவன், 2025-இல் மீண்டும் இந்தியர். இதில் எது எவர் கதை?

1990-இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதன்றி உயிர் போகுமாறு சுடலாகாது என்று வரையறுத்தது. இந்நாட்டிலும் துன் முகமட் ஜைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை அளித்தது. காவலரைத் தனித்து நின்று விசாரித்துத் தண்டிக்கவும் அதிகாரம் பெற்ற ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 சூலையில், காவலர் நடத்தை பற்றிய சுதந்திர ஆணையம் செயற்பாட்டுக்கு வந்தது. விசாரிக்கலாம், தண்டிக்க இயலாது. பல்லைப் பிடுங்கிவிட்டுக் காவல்நாய் என்று பெயர் சூட்டிய கதை.

இங்குத் தமிழர் தம்மையே நோக்கி ஒரு வினா எழுப்ப வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் புக்கிட் பெருந்துங் போன்ற புதுநகர் அடுக்ககங்களில் குடியேறிய பின், குண்டர் கும்பல் என்னும் நோய் இளைஞரைப் பற்றியது உண்மை. அதனால் ஒருவனைக் காவலர் சுட்டார் என்னும் செய்தி வரும்போது, 'ஒழிந்தான் ஒருவன்' என்று காப்பிக் கடையில் மகிழ்வோர் தமிழரே. தம் பிள்ளைக்குத் தொல்லை நீங்கிற்று என்பது அவர் நினைப்பு. ஆனால் இறந்தவன் குண்டன் என்று சொன்னவர் யார்? சுட்டவரே. அவன் பாராங் கத்தி ஏந்தினான் என்று கண்ட சாட்சி யார்? சுட்டவரே. வழக்கு நடந்தால் மெய் வெளிப்படும். பிணத்தின் மீது வழக்கு நடவாது. பத்தாங் காலியில் இறந்தோரையும் முதலில் கொள்ளைக்காரர் என்றே நாளிதழ்கள் எழுதின. கைதட்டியோர் அன்றும் இருந்திருப்பர்.

இவ்விடத்தில் தமிழாசிரியருக்கு வேறெவர்க்கும் இல்லாத ஒரு கடமை உண்டு. 'தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்' என்னும் வாக்கியத்தை இலக்கணக் கண்ணால் நோக்குக. இறந்தவனுக்கு அங்கே 'முயன்ற' என்னும் செய்வினை இருக்கிறது. அவன் ஓடினான், முயன்றான், தாக்கினான். எல்லாம் அவன் செயல். சுட்டவருக்கோ செயப்பாட்டு வினை. செய்தவர் வாக்கியத்திலேயே இல்லை. 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்பதோ இன்னும் நயமானது; மழை பெய்தது போல, சூடு தானே நடந்துவிடுகிறது. காவல் துறை அறிக்கையை நாளிதழ் அப்படியே அச்சிடுகிறது; அந்நாளிதழை மாணவன் கட்டுரைப் பயிற்சிக்கு மாதிரியாகக் கொள்கிறான்; ஆசிரியர் சந்திப் பிழையைத் திருத்தி மதிப்பெண் இடுகிறார். வல்லினம் மிகவில்லை என்று சிவப்பு மை காட்டுகிறது. எழுவாய் காணவில்லை என்று எவரும் குறிப்பதில்லை.

செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுதல் பள்ளியில் ஆண்டுதோறும் வரும் பயிற்சியே. 'கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது' என்னும் சலித்துப்போன வாக்கியத்துக்கு ஈடாக, 'பத்தாங் காலியில் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். கண்ணன் அங்கே இல்லை. மாணவன் எழுதுகோலை வைத்துவிட்டு, யார் சுட்டது என்று கேட்பான். அந்த வினாவுக்கு விடை சொல்ல, ஆசிரியர் முதலில் அவ்வரலாற்றைப் படித்திருக்க வேண்டும்.