கல்வி கொடையா? உரிமையா?

ஒரு பெண்ணைப் படிக்க வைத்துவிட்டால் அவள் விடுதலை பெற்றுவிட்டாள் என்று நாம் எளிதில் கூறிவிடுகின்றோம். மேடைதோறும் முழங்கப்படும் இக்கூற்று முழு உண்மைதானா என்று தம் புதினங்களின் வழியே வினவுபவர் ஜிம்பாப்வே நாட்டு எழுத்தாளர் சிட்சி டங்கரெம்கா. 1988இல் வெளிவந்த அவருடைய ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’, அந்நாட்டுக் கறுப்பினப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதற்புதினமாகப் போற்றப்படுகிறது.

கதை நிகழும் காலம் 1960கள். நாடு அன்று ரொடீசியா என்னும் பெயரில் வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. வறிய உழவர் குடும்பத்துச் சிறுமி தம்புட்சாய். வீட்டிலுள்ள பணம் ஒருவர் படிப்புக்கே போதும். அது அண்ணன் நாமோவுக்குச் செல்கிறது. அவளோ மக்காச்சோளம் விதைத்துத் தன் பள்ளிக் கட்டணத்தைத் தானே தேட முனைகிறாள். விளைந்த கதிர்களைத் திருடிப் பிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறான் அண்ணன். பின்னர் அவன் நோயுற்று இறந்தபோதுதான் மிஷன் பள்ளியில் அவனுக்குரிய இடம் அவளுக்குக் கிட்டுகிறது. அவன் சாவுக்குத் தான் வருந்தவில்லை என்னும் வாக்குமூலத்துடனேயே அவள் கதையைத் தொடங்குகிறாள். முதலில் நம் நெஞ்சு அதிர்கிறது. படித்துச் செல்லச் செல்ல அதன் காரணம் விளங்குகிறது.

அவளைப் படிக்க வைப்பவர் பெரியப்பா. ஷோனா மொழி முறைப்பெயரால் பாபாமுகுரு என்றே அழைக்கப்படும் அவர், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர், சுற்றத்தையே தாங்குபவர். பெண்ணியப் புதினம் என்றால் ஆடவரைப் பழிப்பது என்று கருதுவோர் இப்பாத்திரத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆசிரியர் அவரைக் கொடியவராகத் தீட்டவில்லை. தமக்குக் கல்வியளித்த வெள்ளையர்க்கு அவர் பணிந்தே வளர்ந்தார். தாம் அளிக்கும் கல்விக்கும் அதே பணிவை எதிர்பார்க்கிறார். தன் பெற்றோர்க்கு அவர் ஏற்பாடு செய்த தேவாலயத் திருமணத்திற்கு வரமாட்டேன் என்கிறாள் தம்புட்சாய். அதற்குக் கிடைப்பவை அடியும், இரு வாரப் பணிப்பெண் வேலையும்! இங்கிலாந்தில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர் மனைவிக்கோ தாம் ஈட்டிய ஊதியத்தின்மீதும் உரிமையில்லை. எதிர்த்து நிற்கும் மகள் நியாஷா உணவை வெறுத்து எலும்பும் தோலுமாகிறாள். ஆப்பிரிக்கர்க்கு இத்தகைய நோய் வாராது என்று கைவிரிக்கிறார் வெள்ளை மருத்துவர்.

கொடையாக வரும் கல்வி தன் விலையைக் கேளாமல் விடுவதில்லை. அவ்விலையின் பெயர் கீழ்ப்படிதல். இதுவே இப்புதினத்தின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

கதை ‘தி புக் ஆஃப் நாட்’ (2006), ‘திஸ் மோர்னபிள் பாடி’ (2018) என்னும் நூல்களில் தொடர்கிறது. பின்னது 2020இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. விடுதலை பெற்ற நாட்டின் தலைநகர் ஹராரேயில், நடுவயதுத் தம்புட்சாய் வேலையின்றி அலைகிறாள். விளம்பர நிறுவனத்தில் அவள் ஆக்கிய வாசகங்களை வெள்ளையர் தம்முடையனவாக்கிக் கொண்டதால் அப்பணியைத் துறந்தவள் அவள். பின்பு ஆசிரியையாகிறாள், ஒருநாள் மாணவி ஒருத்தியைக் கொடுமையாக அடித்துவிடுகிறாள். படிப்புக்காகச் சோளம் விதைத்த கையா இது என்று நாம் கலங்குகிறோம். அடக்குமுறை, தான் வளர்த்த பிள்ளையின் கையிலும் பிரம்பைக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே, பெண்ணுக்குக் கல்வி அளித்தோமா என்று மட்டும் கேட்பது போதாது. கற்ற பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லும் நாளில் அவளை எவ்வாறு நடத்துகிறோம் என்றும் கேட்டல் வேண்டும். அதற்கு நாம் அளிக்கும் விடையிலேதான், நாம் தந்தது கொடையா உரிமையா என்பது தெளிவாகும்.