சாலை தின்ற மலை

அண்மையில் இலக்கிய நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். இந்தியப் பெருங்கடலில், மொரீசியசுக்குத் தென்மேற்கே கிடக்கும் ரீயூனியன் தீவின் கிழக்குக் கரைச் சாலையில் ஒருவர் தனியே மிதிவண்டி ஓட்டிச் செல்கிறார். ஒருபுறம் மழை சொட்டும் காடு. மறுபுறம் கரும்பாறையில் மோதும் கடல். இடையில், உறைந்துபோன எரிமலைக் குழம்பின்மேல் போடப்பட்ட சாலை. பார்த்து முடித்ததும் நண்பர் பெருமூச்செறிந்தார். "இப்படியொரு சாலை வாய்த்தால் பயணக் கட்டுரை எழுதலாம். நீங்கள் தாம்பரத்தில் சைக்கிள் மிதித்து என்னத்தை எழுதப் போகிறீர்கள்?"

ஞாயிறுதோறும் விடியலில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மிதிவண்டியில் புறப்படும் நாற்பது வயது கடந்த மூவர் நாங்கள். அன்று எங்களிடம் விடை இல்லை. வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது (விடைகள் எப்போதும் அங்கேதான் தோன்றுகின்றன).

தீவைக் குறைத்துச் சொல்வது எம் நோக்கமன்று. பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்னும் அந்த எரிமலை உலகில் அடிக்கடி பொங்குவனவற்றுள் ஒன்று. 1977-இல் அதன் குழம்பு ஒரு தேவாலயத்தின் வாயில்வரை வந்து, இருபுறமும் பிரிந்து சூழ்ந்து நின்றது. 2007 ஏப்ரலில் கரைச் சாலையை அறுத்துக்கொண்டு கடலில் இறங்கி, தீவின் பரப்பையே சற்றுக் கூட்டிற்று. குழம்பு ஆறியபின் அதன்மீதே மீண்டும் சாலை போட்டார்கள். அக்காணொளி காட்டாதவையும் உண்டு. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் வழிவந்தோரை அங்கே 'மலபார்' என்கின்றனர். தீமிதியும் பெயர்களும் எஞ்சின. மொழி பெரும்பாலோரிடம் எஞ்சவில்லை. மேலும், சாலைகளில் கார் நெரிசலுக்கும் அத்தீவு பெயர்போனது. படம் எடுத்தவர் விடியலில் எடுத்திருக்க வேண்டும். நாங்களும் விடியலில்தான் போகிறோம்.

எங்கள் வழி இது: வண்டலூரில் இடப்புறம் திரும்பி, மாம்பாக்கம், புதுப்பாக்கம் கடந்து கேளம்பாக்கம், உப்பளங்களின் நடுவே கோவளம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாக வீடு. ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இதில் காடு உண்டு, பாறை உண்டு, கடல் உண்டு. மழைக்காடு இல்லை என்பது மெய்தான். ஆனால் வண்டலூர்க் காப்புக்காடு அதனினும் அரிதாகிவரும் ஒன்று: சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு. களா, காரை, சூரை எல்லாம் முள்ளோடு நிற்கும். ஒரு கோடையில் அச்சாலையோரம் கிளையெல்லாம் நீலம் அப்பியதுபோல் ஒரு குறுமரம் பூத்திருக்கக் கண்டு வண்டியை நிறுத்தினோம். காயா. முல்லைத் திணையின் பூ என்றும், திருமாலின் நிறத்துக்கு உவமை என்றும் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம். கண்ணால் கண்டது அன்றுதான். காரிலும் பேருந்திலும் அதே சாலையில் நூறுமுறையேனும் போயிருப்போம்.

இனிப் பாறை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தொடங்கி வண்டலூர் வரை நீளும் சிறு குன்றுகளின் கல்லுக்கு நிலவியலில் 'சார்னோகைட்' என்று பெயர். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கினுடைய கல்லறைப் பலகை இக்கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே கல்லுக்கு இட்டார். உலகின் எம்மூலையில் இக்கல் கிடைத்தாலும் அதன் மூலமாதிரி எங்கள் பரங்கிமலைதான். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. ரீயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டிச் சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான்.

அந்தப் பாறையை நாம் என்ன செய்தோம்? ஜல்லியாக்கினோம். திரிசூலத்திலும் பம்மலிலும் நன்மங்கலத்திலும் குன்றுகள் இருந்த இடங்களில் இன்று ஆழ்ந்த குழிகள். மழைநீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும் கல்குட்டைகள். கோடை விடுமுறையில் நீந்தப் போகும் சிறுவர்களைக் காவுகொள்பவை. (2017 வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குட்டைகளின் நீரைத்தான் சுத்திகரித்துச் சென்னை குடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், நன்மங்கலத்துக் குழியின் செங்குத்துச் சுவரில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன என்பதையும்.) அத்தீவில் மலை உருகி வந்து சாலையைத் தின்கிறது. இங்கே சாலை மலையைத் தின்றிருக்கிறது. நாங்கள் மிதிக்கும் தாருக்கு அடியில் கிடப்பது நொறுங்கிய குறிஞ்சி. எங்கள் வீடுகளின் அடித்தளத்திலும் அதே ஜல்லிதான். ஆகவே குரலை ஓரளவுக்கு மேல் உயர்த்த எங்களுக்கு உரிமையில்லை.

திணையைக் கட்டம் போட்டுக் கற்பிக்கும் எம்போன்றோரிடமே எங்கள் வழக்கு. கரும்பலகையில் முதல், கரு, உரி எனப் பிரித்து எழுதுகிறோம். மாம்பாக்கத்துக் குன்றடியிலிருந்து வரும் மாணவன் அதை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறான். தன் வீட்டுப் பின்புறம் இருப்பது குறிஞ்சி என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பாலை தனி நிலமன்று, காடும் மலையும் வளம் கெட்டு எடுக்கும் வடிவமே அது என்று இளங்கோவடிகள் சொன்னதை வேனிலின் வருணனையாக மட்டும் படித்துக் கடந்துவிட்டோம். டிப்பர் லாரியின் பின்னால் புழுதி தின்றுகொண்டு வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் ஒருமுறை மிதித்தவர் அவ்விடத்துக்கு வேறோர் உரை சொல்வார்.

இவ்விடத்தில் எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற மார்கழியில், இருள் பிரியுமுன், கண்டிகை அருகே தேநீருக்காக நின்றோம். இரவுக் காவல் முடிந்து திரும்பும் ஒருவர், பழைய கனத்த மிதிவண்டியோடு அங்கே நின்றிருந்தார். எங்கள் வண்டியின் பின்னால் மின்னிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கையே பார்த்தார்.

"அந்த லைட்டு எவ்வளவு சார்?"

தொள்ளாயிரம் ரூபாய். வாயில் வந்தது வேறு. "முந்நூறு இருக்கும் அண்ணே" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்று இன்றும் தெளிவில்லை.

அவர் சற்று நேரம் கணக்குப் போட்டார். "நான் பின்னாடி சிவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன் சார். லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். இருட்டில் அந்தத் துணி எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

மிதிவண்டி பற்றி இப்போது எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி எங்களைப் போன்றோரைப் பற்றியது: தலைக்கவசம், கியர், உடல்நலம், ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுதோறும் மேல்நிலை மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மிதிவண்டி வழங்கும் மாநிலம் இது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை உலகம் வியந்து எழுதியது. கொடுத்த வண்டியை ஓட்ட இடம் எங்கே என்ற கேள்வி மட்டும் சாலை போடுகிறவர்கள் காதில் விழுவதில்லை. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்து மண் சுருங்குகிறது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம்கூட எஞ்சுவதில்லை. கடற்கரையில் பொழுதுபோக்குப் பாதை போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. காவலாளியும் கட்டடத் தொழிலாளியும் பள்ளிப்பிள்ளையும் போகிற இந்தச் சாலையில், இருபுறமும் ஒரு மீட்டர். மலையைக் கொடுத்துப் பெற்ற சாலையில் அவ்வளவு கேட்கலாம்.

கேளம்பாக்கம் தாண்டியதும் உப்பளங்கள் வந்துவிடும். பாத்திகளில் வானம் கிடக்கும். உப்பு வெண்குவியல்களாக நிற்கும். காற்று எதிர்த்து வீசத் தொடங்கும்போதே கடல் அருகில் என்று முழங்கால்களுக்குத் தெரிந்துவிடும். உமணரைப் பற்றிய பாடல்களை அங்கே நின்று நினைவுகூர்வது எங்கள் வழக்கம். திரும்பும் வழியில் பள்ளிக்கரணைச் சதுப்பு: 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது, அதன் ஒரு கரையில் மாநகரின் குப்பைமேடு. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நண்பர் வருகிற ஞாயிறு எங்களோடு வர ஒப்புக்கொண்டுவிட்டார். எங்களில் ஒருவரின் மகள், அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தபோது பெற்ற மிதிவண்டி மாடிப்படியின் கீழ் இருந்தது. அதைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வைத்திருக்கிறோம். பின்விளக்குத்தான் இன்னும் வாங்கவில்லை.