வண்டியை இறக்குவது தப்பில்லை, பாதி வேலையில் விடுவதுதான் தப்பு



மாப்பிள்ளையின் பழைய பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நான் ஸ்பேனரோடு நிற்கிற படத்தைப் போன வாரம் போட்டாலும் போட்டேன், ஆளாளுக்குச் சிரித்துவிட்டீர்கள். "டீச்சர், சாக்பீஸை விட்டுட்டு கிரீஸைப் பிடிச்சாச்சா" என்று ஒருவன். சின்ன நாத்தனார், "அண்ணி, போனோமா பேரனைப் பார்த்தோமான்னு இருக்கக் கூடாதா" என்கிறாள். இருக்கட்டும். ஒருவர் மட்டும் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர், இப்போது சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். "டீச்சர், வண்டி தரையோட தரையா சூப்பரா இருக்கு. நம்ம வண்டியிலயும் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிரலாமா?"

அவருக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1972 மாடல் செவர்லே சி10. இங்கே கலிபோர்னியாவில் வண்டியைத் தாழ்த்தி மெதுவாக ஊர்வலம் போவது மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் பல தலைமுறையாக வளர்த்த கலை. ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1950களின் கடைசியிலேயே சட்டம் போட்டார்கள். அந்தத் தடையே 2024 ஜனவரியில்தான் நீங்கியது. அதனால் "ரவுடிப் பசங்க வேலை" என்று கமெண்டில் எழுதிய பெரியவருக்கு என் பதில்: இல்லை. தெருவில் போகிற குடும்பங்களைப் பார்த்தால் நம் ஊர்த் தேர் ஞாபகம்தான் வருகிறது. எனக்கு இறக்கிய வண்டி மேல் கோபம் கிடையாது.

கோபம் வந்தது வேறு ஒரு நாள். நானும் மாப்பிள்ளையும் ஒன்பது வயதுப் பேரனும் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறோம். ரயில்வே கிராஸிங் வந்தது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. முன்பக்கம் 'டங்' என்று அடித்தது, அடுத்த நொடி வண்டி தானாகவே எதிர்ப்பக்கம் தாவியது. எதிரே ஒரு லாரி. மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தார், லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே போய்விட்டார். பேரன் சிரித்தான், ஏதோ ராட்டினம் என்று நினைத்திருப்பான். வீட்டுக்கு வந்ததும் என் மகள் சொன்னது ஒரே வரி: "இனி இதுல பையனை ஏத்தாதீங்க."

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். முன்பு வைத்திருந்தவர் முன் ஸ்பிரிங்கை வெட்டி மூன்று அங்குலம் இறக்கியிருக்கிறார். வேறு எதையும் தொடவில்லை. டயரின் உள் ஓரம் வழுக்கை. பால் ஜாயிண்ட் ஆடுகிறது. புஷ் எல்லாம் கருவாடு.

(எங்கள் வீட்டுக்காரர் இருந்தபோது மெட்டடார் வைத்திருந்தார். பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.)

இப்போது பாடம். பத்துச் சுற்று உள்ள ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் அது கால் பங்கு கடினமாகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சக்கரம் மேலே எழும்ப முன்பு நாலு அங்குலம் இடம் இருந்தது என்று வையுங்கள். மூன்று அங்குலம் இறக்கியதும் மிச்சம் ஒன்றுதான். இடம் கால் பங்காகச் சுருங்கியது, கடினமோ கால் பங்குதான் கூடியது. கணக்கு எங்கே சரியாகும்? மேடு வந்தால் ஆர்ம் போய் ரப்பர் கட்டையில் முட்டும். 'டங்' என்று கேட்டது அதுதான்.

வண்டி தாவியதற்குக் காரணம் வேறு. சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மும், அதைத் திருப்புகிற டை ராடும் மேலும் கீழும் அசையும்போது ஆளுக்கொரு வில் வரைகின்றன. கவராயம் வைத்து வரைந்தோமே, அதே வில். கம்பெனிக்காரன் இரண்டு வில்லும் ஒத்துப்போகிற இடத்தில் வண்டியை நிறுத்தியிருப்பான். ஸ்பிரிங்கை வெட்டியதும் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும், வில்லின் வேறு பகுதிக்குப் போய்விடும். அங்கே இரண்டும் ஒத்துப்போகாது. மேட்டில் ஏறும்போது யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும்.

இதற்கு மருந்து டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டுகிற தண்டை இரண்டரை அங்குலம் மேலே தள்ளிச் செய்திருப்பார்கள். சக்கரம் மேலே போனால் வண்டி கீழே வரும், ஆனால் ஸ்பிரிங்கும் ஆர்மும் டை ராடும் பழைய கோணத்திலேயே இருக்கும். அழகும் போகாது, அசைய இடமும் இருக்கும்.

மாப்பிள்ளை அப்போது பெரிய சக்கரம் வாங்கத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, முதல்ல வீல் போட்டுடலாம், இதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் மருமகன் காரியத்தில் தலையிடலாமா என்று கேட்டால், லாரியை நேருக்கு நேர் பார்த்த மாமியார் தலையிடலாம். சக்கரம் எல்லார் கண்ணிலும் படும், பால் ஜாயிண்ட் யார் கண்ணிலும் படாது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஸ்பிண்டில் ஆர்டர் போட்டுவிட்டு வந்து சொன்னார்.

கூடவே புது மேல் ஆர்மும் வாங்கினோம். சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக இல்லாமல் சாய்ந்திருக்கிறதே, அதனால்தான் கையை விட்டாலும் கொஞ்ச தூரம் நேராக ஓடுகிறது. காரிலும் அந்தச் சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். இந்தக் காலத்து வண்டியோடு பார்த்தால் அந்தப் பழைய பிக்கப்பில் அது குறைவு. புது ஆர்ம் அந்தச் சாய்வைக் கூட்டிக் கொடுக்கிறது.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். அழுத்தி வைத்த ஸ்பிரிங் எகிறினால் ஆளைக் கொன்றுவிடும். ஸ்பிரிங்குக்குள் சங்கிலியை விட்டுச் சட்டத்தோடு கட்டி, கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, நூல் நூலாக இறக்கினார். முழுதாகத் தளரும்வரை நான் பேரனின் கையை விடவில்லை. பிறகு புது பால் ஜாயிண்ட், புஷ், ஷாக் அப்சார்பர், வெட்டாத ஸ்பிரிங். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிளிட் பின் போட்டாச்சா என்று பார்த்து டிக் அடித்தது நான். நோட்டுத் திருத்திய பழக்கம். கடைசியில் வீல் அலைன்மென்ட். அதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

பேரன் ஸ்கேல் வைத்து அளந்தான். முன்பைவிட அரை அங்குலம் உயரம். மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அதே கிராஸிங்கில் அதே வேகத்தில் போனோம். 'டங்' இல்லை, ஸ்டியரிங் கையில் அப்படியே நின்றது. மகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே பையனைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறினாள். சக்கரம் பழையதுதான்.

இப்போது உனக்குப் பதில், தம்பி. வேண்டாம். இது ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற வண்டி, உன்னுடையது தினமும் மூட்டை ஏற்றிப் பிழைக்கிற வண்டி. இறக்கிய வண்டியில் பாரம் ஏறினால் அசைய மிச்சமிருக்கிற ஒரு அங்குலமும் போய்விடும். இன்னொன்று, நம் ஊரில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஃப்.சி.க்குப் போய் நிற்க வேண்டியது நீதான்.

ஸ்பிரிங் வெட்ட வைத்திருக்கிற பணத்தில் முன்பக்கம் பால் ஜாயிண்ட், புஷ், டை ராடு எண்ட் மூன்றையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டு. டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பார், ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாக இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.