எண்ணிக்கை தரச்சான்று ஆகுமா?



நிரல் எழுதப் பழகும் மாணவரிடம், "அதிகம் பேர் பதிவிறக்கிய ஆயத்த நிரலையே எடு" என்று சொல்லிக் கொடுப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் பொதுக் களஞ்சியம் என்.பி.எம். 2016 மார்ச்சில், 'லெப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் அங்கிருந்து நீக்கினார். சொல்லின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் வேலை. அதைச் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய கருவிகளையே நிறுவ இயலாமல் போயிற்று!

2018இல் 'ஈவண்ட்-ஸ்ட்ரீம்' நிரலின் பராமரிப்பு, முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோ அதன் வழியே பிட்காயின் திருடும் நிரலைப் புகுத்தினார். வாரந்தோறும் இலட்சக்கணக்கில் பதிவிறக்கப்பட்ட நிரல் அது. எண்ணிக்கை காப்பாற்றியதா?

கூட்டம் மிகுந்த கடையிலும் காலாவதித் தேதியைப் பார்த்துத்தானே பால்மாவு வாங்குகிறோம்?

பராமரிப்பவர் யார்? கடைசியாகத் திருத்தியது எப்போது? வேறு எந்த நிரல்களைச் சார்ந்துள்ளது? உரிமம் எதை அனுமதிக்கிறது? இச்சிறு வேலையை நாமே எழுதலாகாதா? இவ்வைந்து கேள்விகளையும் கேட்ட பின்னரே மாணவர் நிரலை எடுக்கட்டும்.

ஆராய்ந்து நம்புவதற்கென்றே 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அதைத் தமிழ் வகுப்பில் நடத்திவிட்டுக் கணினி அறையில் மறக்கலாமா?

சிந்திப்போம்!