கியர் பாக்ஸை இறக்கும் முன்...

கியர் விழ மாட்டேங்குது என்று ஒரு பழைய டீசல் காரை ஷெட்டில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். "எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை கியர் போட்டுக் காட்டுங்க" என்று கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் கிடைப்பது ஒரே வசனம்தான்: "பாக்ஸை இறக்கணும் சார்." செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அதற்கும் வசனம் ரெடி: "பேட்டரி போச்சு." பேட்டரி மாற்றியும் எடுக்கவில்லையா? "அப்ப செல்ஃப் மோட்டார்தான்." அதுவும் இல்லையா? "டைனமோ சார்ஜ் ஏத்தல போல." இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எதிலாவது ஒன்றில் வண்டி சரியாகிவிடும். இதற்கு ரிப்பேர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் காசில் வாங்குகிற லாட்டரிச் சீட்டு இது.

இந்தக் கூத்து பட்டாபிராமில் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. சி.டி.எச். ரோட்டையே ஒரு நீளமான தொழிற்சாலை என்று சொல்லலாம். கிழக்கே பாடியில் லூகாஸ் டி.வி.எஸ், நம்மூர்க் கார்களின் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் 1960களிலிருந்து செய்கிற கம்பெனி. நடுவில் ஆவடி, ராணுவ டாங்கி செய்கிற ஹெவி வெகிக்கிள்ஸ் ஃபேக்டரி. மேற்கே திருவள்ளூர், இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லான்சரை (டீசலும் உண்டு) தயாரிக்க ஆரம்பித்த ஆலை. ஸ்கேலும் கேஜும் வைத்து அளந்தே வேலை செய்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர் இது. அந்த ஊரில் காருக்கு மட்டும் ஜோசியம் பார்க்கிறோம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். கியர் விழவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். கிளட்ச் முழுசாக விடாமல் இருக்கலாம். லிவரிலிருந்து பாக்ஸ் வரை போகிற ராடோ, கேபிளோ, அதிலிருக்கிற புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அல்லது பாக்ஸுக்கு உள்ளேயே பிரச்னை இருக்கலாம். செலவில் பெரியது மூன்றாவது. நம்மவர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் ஒழுங்காக விழுகிறது, ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் மல்லுக்கட்டுகிறது என்றால் சந்தேகம் கிளட்ச் மேல். பழைய கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அதற்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரவென்றால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிளா, ஹைட்ராலிக்கா, பிளேட்டா என்று அப்புறம் பார்க்கலாம். எஞ்சின் நிற்கும்போதே லிவர் கடினமாக இருக்கிறதா? வண்டியை லேசாக முன்னே பின்னே தள்ளிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் (பற்கள் நேருக்கு நேர் முட்டினாலும் விழாது). அப்படியும் கடினம் என்றால் முதலில் வெளியே இருக்கிற ராடு, கேபிள், புஷ். ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரத்தால்தான் பாக்ஸுக்குள் சிங்க்ரோ ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். போட்ட கியர் தானாக நழுவினால் எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டீசல் எஞ்சின் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்த ரப்பர் பிய்ந்திருந்தால் லிவர் என்ன செய்யும் பாவம்.

பத்து நிமிஷ வேலை. இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் லிவர் இருந்த அம்பாசடரை ஓட்டிய பழைய டிரைவர்களைக் கேளுங்கள். நடுரோட்டில் கியர் சிக்கிக்கொண்டால் இறங்கி, பானெட்டைத் திறந்து, ராடைக் கையால் ஆட்டி எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பாக்ஸ் வேறு, ராடு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் நின்றதோடு இந்த அறிவும் நின்றுவிட்டதா என்ன?

இப்போது எலக்ட்ரிக்கல். இங்கேதான் கொள்ளை அதிகம், ஏனென்றால் மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. 1998 கடைசியில் வந்த டாடா இண்டிகா மாதிரியான பழைய டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஹீட்டர் பிளக், செல்ஃப், ஆல்டர்னேட்டர், டீசலை நிறுத்துகிற சோலனாய்டு, இவற்றுக்குப் போகிற ஒயர்கள் - எஞ்சினை எடுக்க இவ்வளவுதான். ஆனால் டீசலில் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். பெட்ரோலில் அதில் பாதிதான். அதனால் டீசல் காரின் செல்ஃப் இருநூறு ஆம்பியருக்கு மேலும் சாதாரணமாக இழுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி ஞாபகம் இருக்கிறதா? 200 ஆம்பியர் போகிற பாதையில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை, கொஞ்சம் துரு, கொஞ்சம் பச்சை பிடித்த டெர்மினல், இருந்தாலே 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். ஹெட்லைட் ஜோராக எரியும், ஹாரன் அலறும், செல்ஃப் மட்டும் 'டொக்' என்று நின்றுவிடும். பேட்டரி மேல் பழி விழும்.

கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் சுமார் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் உண்மையில் வயிற்றெரிச்சல். பல கார்களில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகிற எர்த் பட்டையை கியர் பாக்ஸின் ஒரு போல்ட்டில்தான் மாட்டியிருப்பார்கள். அது அறுந்தாலோ, துருப்பிடித்தாலோ, செல்ஃப் இழுக்கிற கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடுகிற உலோகம் எதுவாக இருந்தாலும் அது வழியாகப் பாயும். கேபிள் சூடாகி உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகும். கிளட்ச் இறுகும். கியர் விழாது. அப்புறம்? "பாக்ஸை இறக்கணும் சார்." இறக்கி, புது கிளட்ச் செட் போட்டு, கூடவே புது கேபிளும் போட்டு ஏற்றுவார்கள். புது கேபிள் போட்டதால் வண்டி சில நாள் நன்றாக ஓடும். எர்த் பட்டை? அது பழையபடி தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது ஏற்றும்போது மாட்டவே மறந்திருப்பார்கள். சீக்கிரமே அடுத்த கேபிளும் இறுகும். "டூப்ளிகேட் கேபிள் சார், ஒரிஜினல் போடுங்க" என்று அதற்கும் ஒரு பில்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி, பட்டாபிராம் சுற்றுவட்டாரத்தில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றதே, அதில் நின்ற கார்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீர் போன பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகும், எல்லாம் சரி என்று தோன்றும். எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் பால் டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"ஸ்கேனர் இருக்கே" என்பார்கள். நம் நாட்டில் ஓ.பி.டி. என்கிற தானே கோளாறு சொல்லும் ஏற்பாடு 2010-க்குப் பிறகுதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் ஸ்கேனரைச் சொருகத் துளையே இருக்காது. இருக்கிற வண்டியிலும் என்ன நடக்கிறது? பி 0335 என்று வந்தால் உடனே கிராங்க் சென்சார் வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே. சர்க்யூட் என்றால் சென்சார், ஒயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்த்து. ஸ்கேனர் தெருப் பெயரைத்தான் சொல்கிறது, வீட்டைத் தேடுவது மெக்கானிக்கின் வேலை.

சரி, மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்களா? இல்லவே இல்லை. கணக்கைப் பாருங்கள், புரியும். ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் மீட்டர் பிடித்து, ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கிவிட்டு, "ஐநூறு ரூபா குடுங்க" என்று கேட்கட்டும். "ஒரு நட்டை டைட் பண்ணதுக்கு ஐநூறா?" என்று சண்டைக்கு வருவது யார்? நாம்தான்! அதே ஆள் கிளட்ச் செட், பேரிங், ஆல்டர்னேட்டர் என்று பத்தாயிரத்துக்கு பில் போட்டால், அட்டைப் பெட்டிகளைப் பார்த்து திருப்தியாகக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பத்தாயிரத்துக்குள் ஸ்பேர் கடைக்காரர் கொடுக்கிற கழிவு ஒளிந்திருக்கிறது. சோதனைக்கு வருமானம் பூஜ்யம், பாகத்துக்கு வருமானம் உறுதி என்றால் எந்த வியாபாரி சோதிப்பான்? காஸ்ட் அக்கவுண்டிங் முதல் வருஷப் பையன்கூட இதற்கு பதில் சொல்வான்.

"டாக்ஸி ஓட்டறவன் காலையில விட்டு சாயங்காலம் கேக்கறான், டெஸ்ட் பண்ண ஏது நேரம்?" என்று ஷெட் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். பாதி உண்மை. விட்டுவிட்டு வருகிற கோளாறுகளைப் பிடிக்க அரை நாள்கூட ஆகும். ஆனால் தப்பாக பாக்ஸை இறக்கி ஏற்ற இரண்டு நாள் ஆகிறதே, அந்த இரண்டு நாள் சவாரி யார் கணக்கில்?

இது வெறும் கஞ்சத்தனமான வாதம் இல்லை. தமிழ்நாட்டில் 15 வருடம் முடிந்த காரை ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். (10 வருட டீசல் காருக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடை டெல்லி வட்டாரத்துக்கு. இங்கே அதைச் சொல்லிப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கிற புரோக்கர்கள் உண்டு, ஜாக்கிரதை.) புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025-ல் இன்னும் ஏற்றினார்கள். அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி. வேலை. இவ்வளவும் கட்டி ஒரு பழைய டீசலை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்குத் தேவையில்லாத ஒரு பாக்ஸ் வேலை வந்தால் போதும். "இதுக்கு மேல செலவு பண்ண முடியாது" என்று வண்டி புதுப்பேட்டைக்குப் போய்விடும். அங்கே பிரித்துப் போட்டு, அதே கியர் பாக்ஸை 'நல்ல கண்டிஷன்' என்று இன்னொருவருக்கு விற்பார்கள். அது நிஜமாகவே நல்ல கண்டிஷன்தான் :-)

ஆகவே கார் வைத்திருக்கிறவர்களே, அடுத்த தடவை ஷெட்டில் விடும்போது "என்ன மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "செக் பண்ண எவ்வளவு?" என்று கேளுங்கள், சொல்கிற தொகையை முகம் சுளிக்காமல் கொடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட், எர்த்தில் எத்தனை வோல்ட், எஞ்சின் நின்றபோது கியர் விழுந்ததா இல்லையா, இவை மூன்றையும் பில்லுக்குப் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மெக்கானிக் அண்ணன்களே, நீங்களும் ரேட் போர்டில் 'வாட்டர் வாஷ்' என்பதற்கு மேலே 'செக்கிங் சார்ஜ்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.